லில்லிக் கிழங்கை வீட்டிலேயே பெருக்குவது எப்படி?

நவம்பரில் வாங்கி நட்ட ஆறு ஆசியாட்டிக் லில்லிக் கிழங்குகளும் ஜனவரியில் பூத்து முடிந்துவிட்டன, இப்போது தண்டும் இலையும் மட்டும் நிற்கின்றன, இவற்றிலிருந்து வீட்டிலேயே புதுக் கிழங்குகள் எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாசலில் இருக்கும் சிவப்பு லில்லியையும் மழை லில்லியையும் அதே முறையில் பெருக்கலாமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. ஊர் ஈரோடு என்று சொன்னது நல்லதாகப் போயிற்று. பதிலில் பாதி ஊரைப் பொறுத்தது.

முடியும். ஒரு கிழங்கிலிருந்து 15, 20 குட்டிகள் எடுப்பது பெரிய வித்தையில்லை. அந்தக் குட்டியைப் பூக்கிற பருமனுக்கு வளர்த்து எடுப்பதில்தான் வேலை இருக்கிறது. ஆசியாட்டிக் லில்லிக்குக் குளிர்காலம் என்று ஒன்று வேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அது தானாகக் கிடைக்கிறது. ஈரோட்டில் நீங்கள் ஃப்ரிட்ஜை வைத்து அதை உண்டாக்கித் தர வேண்டும். இதற்கு மனம் இருந்தால் மற்றதெல்லாம் எளிது.

முதல் வேலை, இப்போது நிற்கும் தண்டை வெட்டாமல் விடுவது. பூ உதிர்ந்ததும் அழகு போய்விட்டது என்று தண்டை அடியோடு நறுக்கிவிடுவது நம் ஊரில் பரவலாக நடக்கிறது. பூப்பதற்காகத் தன்னிடம் இருந்த சேமிப்பை எல்லாம் கிழங்கு செலவழித்துவிட்டது. அதைத் திரும்ப நிரப்புவது அந்த இலைகள்தான். உலர்ந்த பூவையும் அதன் நடுவே பிடிக்கத் தொடங்கும் காயையும் மட்டும் கிள்ளி எறியுங்கள். இலைகளுக்குக் காலை வெயில் போதும், மதிய வெயில் வேண்டாம். பத்து நாளுக்கு ஒருமுறை தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து ஊற்றுங்கள். கடைசி ஒரு மாதம் சாம்பல் சத்து மட்டும் தரும் 0:0:50 போதும். இலைகள் தாமாக மஞ்சளாகிச் சாயும்வரை தண்ணீர் நிறுத்தக் கூடாது. ஈரோட்டு வெயிலில் அது ஏப்ரல் வாக்கில் நடக்கும்.

இனி பெருக்கும் முறை. ஆசியாட்டிக், ஓரியண்டல், எல்.ஏ. (வெள்ளை ஈஸ்டர் லில்லியும் ஆசியாட்டிக்கும் சேர்ந்த கலப்பினம்) என்று விற்கிற லில்லிகள் எல்லாம் லிலியம் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. இந்தக் கிழங்குக்கு வெங்காயத்துக்கு இருப்பதுபோல மேல்தோல் கிடையாது. தடித்த வெள்ளைச் செதில்கள், தோல் உரித்த பூண்டுப் பற்களை நெருக்கி அடுக்கியதுபோல, அடியில் இருக்கும் ஒரு தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு செதிலும் உணவைச் சேமித்து வைத்துத் தடித்துப்போன ஓர் இலை. அதைத் தாயிடமிருந்து பிரித்து ஈரமும் மிதமான சூடும் கொடுத்தால், ஒடிந்த அடிப்பக்கக் காயத்தில் புதிதாகக் குட்டிக் கிழங்குகள் முளைக்கும். ஒரு செதிலுக்கு இரண்டு, மூன்று என்று வரும். நல்ல சதைப்பற்றுள்ள வெளிச்செதிலில் ஐந்துகூட வரலாம். ஒரு கிழங்கிலிருந்து எட்டுச் செதில் எடுத்தாலும் ஆறு கிழங்குகளுக்கு 48 செதில், ஏறக்குறைய நூறு குட்டிகளாவது வரும். பாதி அழுகிப் போனாலும் உங்கள் மாடி கொள்ளாது.

இதற்குக் கிழங்கை முழுதாகத் தோண்டி எடுக்கவே வேண்டாம். தொட்டியின் ஓரத்து மண்ணை விரலால் விலக்கி, கிழங்கின் பக்கவாட்டைக் கண்டுபிடியுங்கள். வெளிவரிசைச் செதிலைப் பிடித்துக் கீழ்நோக்கியும் வெளிப்புறமாகவும் அழுத்தினால் ‘டொக்’ என்று அடித்தட்டை ஒட்டி ஒடிந்து வரும். அடியோடு ஒடிவது முக்கியம். பாதியில் முறிந்த மேல்துண்டு பெரும்பாலும் அழுகத்தான் செய்யும். கருத்த, சுருங்கிய, காயம்பட்ட செதில்களைத் தொட வேண்டாம். மொத்தச் செதில்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருந்தால் தாய்க்கிழங்கு பிழைத்துக்கொள்ளும். எடுத்து முடித்ததும் மண்ணை மூடி, அழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி கலந்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிவிடுங்கள்.

பிப்ரவரியிலேயே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செதிலில் குட்டி பிடிக்க 20 முதல் 25 டிகிரி வெப்பம் ஏற்றது. உங்கள் ஊரில் வீட்டுக்குள் அந்த வெப்பம் கிடைப்பது இப்போதுதான். ஏப்ரல் வரை காத்திருந்தால் சமையலறை அலமாரியே 33, 34 டிகிரிக்குப் போய்விடும். குட்டிக்கு முன்னால் பூஞ்சை வந்து நிற்கும்.

எடுத்த செதில்களைக் குழாய்த் தண்ணீரில் மண் போகக் கழுவுங்கள். லிட்டருக்கு 2 கிராம் கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கரைத்த தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பழைய துணியில் பரப்பி மேலே ஈரம் போகும் அளவுக்கு மட்டும் நிழலில் ஆறவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இதற்கென்று தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து வேண்டாம் என்பவர்கள் டிரைக்கோடெர்மா தூளில் புரட்டி எடுக்கலாம். அழுகல் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஆனாலும் வேலை நடக்கும்.

அடுத்தது செதிலைப் புதைத்து வைக்கும் ஊடகம். கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) கட்டி வாங்கினால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பைப் போக்கிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். அதோடு சம அளவு பெர்லைட் அல்லது வெர்மிகுலைட் (இலேசான கனிமத் துகள்கள்) சேர்த்தால் காற்றோட்டம் நன்றாக இருக்கும். ஈரத்தின் அளவுதான் இந்த முழு வேலையின் உயிர்நாடி. ஒரு கைப்பிடி அள்ளி இறுகப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. கையை விரித்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். அவ்வளவு ஈரம் போதும். ஜிப்லாக் கவரில் ஓர் அடுக்கு ஊடகம், ஓர் அடுக்கு செதில் என்று போட்டு, செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொண்டு, உள்ளே கொஞ்சம் காற்று விட்டு மூடுங்கள். கவர் மேல் ரகத்தின் பெயரையும் தேதியையும் எழுதிவிடுங்கள். வெள்ளையும் ஆரஞ்சும் கலந்துபோனால் பூக்கும்வரை பிரித்தறிய வழியே இல்லை. வெளிச்சம் தேவையில்லை, வெயில் படாத அலமாரிக்குள் வைக்கலாம்.

வாரம் ஒருமுறை கவரைத் திறந்து பாருங்கள். புதுக்காற்று போகும், அழுகினது தெரியும். கொழகொழவென்று ஆன செதிலை உடனே எடுத்து எறியுங்கள். மேலே லேசாகப் பச்சைப் பூஞ்சை பிடித்திருந்தாலும் செதில் கெட்டியாக இருந்தால் துடைத்துத் திரும்பப் போடலாம். மூன்று நான்கு வாரத்தில் செதிலின் அடியோரத்தில் அரிசிமணி அளவில் வெள்ளை முடிச்சுகள் தெரியும். எட்டிலிருந்து பத்து வாரத்தில் அவை கடலை அளவுக்கு வந்து, சின்ன வேரும் விட்டிருக்கும். தாய்ச்செதில் சுருங்கி இருந்தால் கவலை வேண்டாம். அதன் சேமிப்பு குட்டிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. செதிலைப் பிய்த்துப் போடாதீர்கள், கடைசிவரை ஒட்டியே இருக்கட்டும்.

ஏப்ரல் கடைசியில் அதே கவரை அப்படியே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். காய்கறித் தட்டுதான் இடம். ஃப்ரீசரிலும், பின்சுவரில் பனி பிடிக்கிற இடத்திலும் வைக்கக் கூடாது. 2 முதல் 5 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு வாரம் இருக்க வேண்டும். இந்தக் குளிர் கிடைக்காத குட்டி, மண்ணில் வைத்தால் வேர் மட்டும் விட்டு, இலை விடாமல் மாதக்கணக்கில் உறங்கும். ஆசியாட்டிக்குக் கொஞ்சம் குறைந்தாலும் சமாளிக்கும். ஓரியண்டல் வகை என்றால் பன்னிரண்டு வாரத்தைக் குறைக்காதீர்கள். அதே தட்டில் மாம்பழம், வாழைப்பழம், ஆப்பிள், பப்பாளி எதையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழுக்கும் பழங்கள் விடுகிற எத்திலீன் வாயு லில்லியின் மொட்டையும் குருத்தையும் கெடுக்கும். மாம்பழக் காலத்தில் இது கஷ்டம்தான். மூடியிட்ட டப்பாவில் கவரை வைத்து வேறு தட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் ஒரு வசதி இருக்கிறது. கத்திரி வெயில் முழுவதும் குட்டிகள் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே கழித்துவிடும். ஜூலை நடுவில் வெளியே எடுக்கும்போது உச்ச வெயில் தணிந்து, தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியிருக்கும். செம்மண், மணல், மண்புழு உரம், கோகோபீட் சம அளவில் கலந்து, அடியில் நிறைய ஓட்டை உள்ள ஆழமான தட்டில் 2 செ.மீ. ஆழத்தில் நட்டு, 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். முதல் வருடம் ஒரு குட்டிக்கு ஒரே ஒரு இலை, அதிகம் போனால் இரண்டு மூன்று இலைதான் வரும். தண்டு வராது. அது சரியான வளர்ச்சிதான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நம் ஊரில் கிடைக்கும் மிதமான குளிரில் நன்றாகத் தின்று கிழங்கு பருக்கும். இரண்டாவது வருடம் சிறு தண்டு, சிலவற்றில் ஒரு பூ. மூன்றாவது வருடம்தான் ஒழுங்கான பூ. அந்தந்த வருடமும் கோடையில் எடுத்து ஃப்ரிட்ஜ் குளிர் தந்துதான் ஆக வேண்டும்.

மூன்று வருடமா என்று மலைக்க வேண்டாம். ஈஸ்டர் லில்லிக் கிழங்கை உலகத்துக்கு அனுப்பும் ஊர்கள் அமெரிக்காவில் ஓரிகானும் கலிபோர்னியாவும் தொட்டுக்கொள்கிற கடலோரத்தில் இருக்கின்றன. 1919இல் லூயிஸ் ஹௌட்டன் என்பவர் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து பகிர்ந்த கிழங்குகளில் தொடங்கியது அது. கடல்காற்றும் நல்ல மண்ணும் தலைமுறை அனுபவமும் உள்ள அந்த விவசாயிகளே குட்டிக்கிழங்கை வருடாவருடம் தோண்டி மறுபடி நட்டு, இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் விற்பனைக்கு எடுக்கிறார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 14 செ.மீ. சுற்றளவுக் கிழங்கும் எங்கோ ஒரு வயலில் அத்தனை காலம் இருந்து வந்ததுதான்.

தாய்க்கிழங்குகளையும் ஏப்ரலில் இலை மஞ்சளானதும் தோண்டுங்கள். தோண்டும்போது தண்டைப் பிடுங்கி எறிந்துவிடாமல் கவனியுங்கள். கிழங்குக்கு மேலே, மண்ணுக்குள் இருந்த தண்டுப் பகுதியில் வேர்களுக்கு நடுவே கோலிக்குண்டு அளவில் குட்டிகள் ஒட்டியிருக்கலாம். இவை செதில்குட்டிகளைவிட ஒரு வருடம் மூத்தவை, அடுத்த வருடமே பூக்க வாய்ப்புண்டு. கிழங்கை எவ்வளவு ஆழமாக நடுகிறோமோ அவ்வளவு இந்தத் தண்டுக்குட்டிகள் கூடும். அதனால்தான் கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழத்தில் நடச் சொல்வது. ஆழமில்லாத தொட்டியில் மேலாக நட்டவர்களுக்குத் தண்டுவேரும் கிடையாது, குட்டியும் கிடையாது. தாய்க்கிழங்கே சில சமயம் உள்ளுக்குள் இரண்டாகப் பிரிந்து இரண்டு முனையோடு இருக்கும். கையால் திருகினால் பிரியும், தனித்தனியாக நடலாம். எடுத்ததை வெயிலில் காயவைக்கக் கூடாது. மேல்தோல் இல்லாத கிழங்கு இரண்டே நாளில் வதங்கிவிடும். ஈரக் கோகோபீட்டில் புதைத்து, ஓட்டை போட்ட கவரில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். குருத்து இரண்டு விரல்கடை நீண்டுவிட்டால் நவம்பர் வரட்டும் என்று காத்திருக்காமல் நட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சமவெளியில் இரண்டாவது வருடப் பூ முதல் வருடம் போல இருக்காது. இரவிலும் வெப்பம் குறையாத ஊரில் செடி பகலில் சேர்த்ததில் பெரும்பகுதியை இரவில் மூச்சுவிட்டே செலவழித்துவிடும், கிழங்கு வருடாவருடம் இளைக்கும். கோத்தகிரியிலோ ஏற்காட்டிலோ உறவினர் இருந்தால் குட்டிகளில் பாதியை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். அங்கே ஃப்ரிட்ஜும் வேண்டாம், நிழல்வலையும் வேண்டாம்.

தண்டில், இலைக்கும் தண்டுக்கும் இடையே கருப்பாக மிளகு மிளகாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அவையும் குட்டிகள்தான். ஆரஞ்சு நிறத்தில் கரும்புள்ளிகளோடு பூக்கும் டைகர் லில்லியில் இவை ஒவ்வொரு கணுவிலும் வரும். அந்தச் செடியில் மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் இருப்பதால் பெரும்பாலும் விதை பிடிக்காது. சீனத்திலும் கொரியாவிலும் ஜப்பானிலும் கிழங்கை உணவுக்காகவே நெடுங்காலமாக வளர்த்து, இந்தக் கணுக்குட்டிகளை வைத்தே ஊர் ஊராகப் பரப்பினார்கள். அதன் வம்சத்தில் வந்த சில ஆசியாட்டிக் ரகங்களிலும் கணுக்குட்டி வரும். பழைய ‘என்சான்ட்மென்ட்’ ரகம் அதற்குப் பேர்போனது. விரலால் தொட்டாலே கழன்று விழும் பருவத்தில் சேகரித்து 2 செ.மீ. ஆழத்தில் நட்டால் போதும். இதைவிடச் சுலபமான வழி லில்லியில் இல்லை. உங்கள் செடிகளில் இல்லை என்றால் அது ரகத்தின் இயல்பு, குறை ஒன்றுமில்லை.

விதையைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்த வழி அது என்பதால் சொல்கிறேன். செதிலிலிருந்து வருவது தாயின் அச்சு அசல். விதையிலிருந்து வருவது புதிய செடி. நிறமும் உயரமும் எப்படி இருக்கும் என்று பூத்தால்தான் தெரியும். பெரும்பாலான லில்லிகள் தம் மகரந்தத்தையே ஏற்காது, ஒரே கிழங்கிலிருந்து வந்த எல்லாச் செடிகளும் ஒன்றுக்கொன்று உதவாது. வேறு ரகத்தின் மகரந்தத்தைக் காலையில் எடுத்து, பூவின் நடுவே நீளும் சூல்தண்டின் நுனியான சூல்முடி பிசுபிசுப்பாக இருக்கும்போது தடவ வேண்டும். காய் பிடித்து முற்ற இரண்டு மாதத்துக்கு மேலாகும். நுனி வெடிக்கத் தொடங்கும்போது பறித்தால் தட்டையான பழுப்பு வில்லைகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு வில்லையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுவில் மெல்லிய கோடு தெரியும், அதுதான் கரு. கோடு இல்லாதது வெறும் சண்டு. ஆசியாட்டிக் விதை மூன்று நான்கு வாரத்தில் வெங்காய நாற்று மாதிரி முளைக்கும். ஓரியண்டல் விதைக்கு முதலில் மூன்று மாதம் சூடு, அப்புறம் மூன்று மாதம் குளிர் என்று இரண்டு பருவம் காட்ட வேண்டும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். கடையில் விற்கும் எல்.ஏ. ரகங்களில் பல மலட்டுத்தன்மை உள்ளவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

விதை வழியில் உங்களுக்கு நான் பரிந்துரைப்பது தைவானைத் தாயகமாகக் கொண்ட லிலியம் ஃபார்மோசானம். நீண்ட வெள்ளை எக்காளப் பூ. தன் மகரந்தத்திலேயே விதை பிடிக்கும், விதைத்த ஒரு வருடத்துக்குள்ளேயே பூக்கக்கூடிய அபூர்வமான லில்லி. தைவானின் தாழ்நிலங்களும், ஈஸ்டர் லில்லியின் தாயகமான ரியூக்யூ தீவுகளும் கடும்பனி காணாத இடங்கள். அதனால் இந்த இரண்டும் மற்ற லில்லிகளைவிட வெப்பத்தைக் கொஞ்சம் தாங்கும். சமவெளியில் லிலியம் வளர்த்தே தீருவேன் என்பவர்கள் இவற்றிலிருந்து தொடங்குவது நல்லது.

நமக்கென்றும் ஒரு லில்லி உண்டு. நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிச் சரிவுகளில் ஆகஸ்ட், செப்டம்பரில் மலரும் நீலகிரி லில்லி. 19ஆம் நூற்றாண்டில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் அதை விவரித்துப் பெயரிட்டார். இப்போது இமயமலை இனமான லிலியம் வாலிச்சியானத்தின் ஒரு வகையாக வைத்திருக்கிறார்கள். வட அரைக்கோளத்துக்கு மட்டுமே சொந்தமான இந்தப் பேரினத்தின் தென்கோடி நம் மலைகள். உள்ளங்கையைவிட நீளமான வெள்ளைப் பூவோடு அது புல்லுக்கு மேலே தலைநீட்டி நிற்பதைப் பார்த்தால் ஒன்றைத் தோண்டி எடுத்துப்போகத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். தைல மரமும் சீகை மரமும் தேயிலையும் தின்றது போக மிச்சமிருக்கிற புல்வெளி கொஞ்சம்தான். அதிலிருந்து எடுத்த கிழங்கு ஈரோட்டுத் தொட்டியில் ஒரு கோடையைத் தாண்டாது.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வாசலில் இருக்கிற சிவப்பு லில்லி, வெறும் தண்டு நீண்டு அதன் உச்சியில் நாலைந்து பெரிய பூக்கள் மார்ச், ஏப்ரலில் பூப்பது என்றால், அது ஹிப்பியாஸ்ட்ரம். நர்சரியில் அமரில்லிஸ் என்று சொல்வார்கள். சிவப்பில் வெள்ளைக் கோடு ஓடினால், அது 1799இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் ஆர்தர் ஜான்சன் என்ற கடிகாரக்காரர் உண்டாக்கிய முதல் கலப்பினத்தின் வழிவந்ததாக இருக்கக்கூடும். அந்தச் செடி இன்னும் நம் பாட்டி வீட்டு முற்றங்களில் பூத்துக்கொண்டிருக்கிறது. இதற்குக் குளிரும் வேண்டாம், ஃப்ரிட்ஜும் வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் மண்ணோடு பழகிவிட்ட செடி. நவம்பர் முதல் ஜனவரி வரை தண்ணீரைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் மாசி, பங்குனியில் தானே மொட்டு விடும்.

ஆனால் லில்லிச் செதில் முறையை இதில் அப்படியே செய்தால் ஒன்றும் வராது. ஹிப்பியாஸ்ட்ரம் வெங்காயம் மாதிரி வளையம் வளையமாக இருக்கும் கிழங்கு. தனி இதழை உரித்து வைத்தால் அழுகிவிடும். அடித்தட்டின் ஒரு துண்டு ஒட்டியிருந்தால்தான் குட்டி பிடிக்கும். சுத்தமான கத்தியால் கிழங்கை மேலிருந்து கீழாக எட்டுத் துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு இதழாக, அடித்தட்டு ஒட்டியிருக்கும்படி பிரியுங்கள். மருந்துத் தண்ணீர், ஈரக் கோகோபீட், கவர் எல்லாம் முன்பு சொன்னபடிதான். இரண்டு இதழுக்கு நடுவிலிருந்து குட்டி எட்டிப் பார்க்கும். தாய்க்கிழங்கு இதில் முழுசாகப் போய்விடும் என்பதால், அரிய ரகம் கையில் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். சாதாரணச் சிவப்புக்குப் பக்கக்குட்டிகளைப் பிரித்து நடுவதே போதும். தாயின் மூன்றில் ஒரு பங்கு பருமனும் சொந்த வேரும் வந்த குட்டியைத்தான் பிரிக்க வேண்டும். நடும்போது கழுத்து மண்ணுக்கு மேலே தெரியட்டும். இதன் விதையும் நன்றாக முளைக்கும்: காய் வெடித்ததும் கருப்பு வில்லைகளை ஒரு கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிட்டு, வேர் நீண்டதும் மண்ணுக்கு மாற்றலாம். பூக்க மூன்று வருடம் ஆகும்.

மழை லில்லிக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொத்தைத் தோண்டி, கையால் பிரித்து, பத்துப் பத்தாக நட்டுவிடுங்கள். தனித்தனியாக நட்டால் பூ சிதறித் தெரியும். கருப்பு விதை கிடைத்தால் அன்றைக்கே தூவுங்கள், வைத்திருந்தால் முளைப்பு வேகமாகக் குறைந்துவிடும். ஸ்பைடர் லில்லியும் இதே ரகம், பிரித்து நட்டால் தானாக வரும்.

உங்கள் பக்கத்திலேயே, மூலனூர் வட்டாரத்தில், வயல் வயலாக வளர்க்கிறார்கள் ஒரு லில்லியை. கண்வலிக்கிழங்கு என்று சொல்லும் செங்காந்தள்தான் அது. நம் மாநிலப் பூ. ஆங்கிலத்தில் அதையும் லில்லி என்றே அழைத்தாலும் பெருக்கும் விதம் முற்றிலும் வேறு. கலப்பை வடிவில் இரண்டாகப் பிரிந்த கிழங்கு அது, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான் இருக்கும். கவட்டையில் ஒடித்தால் இரண்டு செடி. நுனி முறிந்தால் அந்தத் துண்டு அத்தோடு முடிந்தது, நறுக்கி நறுக்கி நடுவதெல்லாம் நடக்காது. ஜூன், ஜூலையில் நுனிக்கு அடிபடாமல் படுக்கவைத்து நட்டு, ஏறிக்கொள்ளக் கம்பியோ வேலியோ காட்ட வேண்டும். கிழங்கிலும் விதையிலும் கோல்கிசின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. குழந்தைகள் புழங்குகிற வீட்டில் இதை நடாதீர்கள். நட்டால் கிழங்கைத் தொடும்போது கையுறை கட்டாயம்.

விஷம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் பூனை இருந்தால் ஆசியாட்டிக், ஓரியண்டல், ஈஸ்டர் லில்லி எதையும் அது எட்டுகிற இடத்தில் வைக்கக் கூடாது. இலை, பூ, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்குவது, ஜாடித் தண்ணீர் எதுவானாலும் சரி, பூனையின் சிறுநீரகம் ஓரிரு நாளில் செயலிழந்துவிடும். தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே அறிகுறிக்குக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். ஃப்ரிட்ஜில் வைக்கும் கவரிலும் கொட்டை எழுத்தில் ‘விதைக்கிழங்கு, சமைக்காதீர்கள்’ என்று எழுதி ஒட்டுங்கள்.

கடைசியாக, எந்தச் செடியிலிருந்து செதில் எடுப்பது என்பதில் கண்டிப்பாக இருங்கள். இலையில் வெளிர்மஞ்சள் கோடுகள் ஓடியோ, இலை முறுக்கிக்கொண்டோ, பூவின் நிறம் திட்டுத் திட்டாக உடைந்தோ வந்த செடியில் நச்சுயிரி இருக்க வாய்ப்பு அதிகம். அசுவினிதான் அதைச் செடிக்குச் செடி கொண்டுபோகிறது. அந்தக் கிழங்கிலிருந்து 20 குட்டி எடுத்தால் இருபதும் நோயோடுதான் வரும், எந்த மருந்தும் அதைத் தீர்க்காது. கிழங்கோடு பிடுங்கி அப்புறப்படுத்துவது ஒன்றுதான் வழி. டைகர் லில்லி நோயை வெளியில் காட்டாமலே சுமந்துகொண்டிருக்கும், அதை மற்ற லில்லிகளுக்கு எட்டத்தில் வையுங்கள். பெரும்பாலான லில்லி நச்சுயிரிகள் விதை வழியாகப் போவதில்லை. மனதுக்குப் பிடித்த ரகத்தில் நோய் தெரிந்தால், பிடுங்குவதற்கு முன் அதில் விதை பிடிக்கிறதா என்று பாருங்கள். அதுவரை அந்தத் தொட்டியைத் தனியாக ஒதுக்கி, வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்து அசுவினி ஏறாமல் காத்துக்கொள்ளுங்கள். செதில் ஒடிக்கும்போதும் ஒரு செடியைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த தொட்டிக்குப் போக வேண்டும்.